குருதிப் புற்றுநோயும் மண்டையோட்டின் அடித்தளமும்

குருதி ஓடும் பொருள். என்பு உறைந்த பொருள். முன்னதில் தோன்றும் நோய் பின்னதை எவ்வாறு உடைக்கும் என்ற ஐயம் இயல்பானதே. குருதிக் கலங்கள் என்பு மச்சையிலேயே பிறக்கின்றன என்பதை நினைவிற் கொண்டால் ஐயம் அகலும். பிறபொருளெதிரிகளை ஆக்கும் கலங்கள் அம்மச்சையிற் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே மல்ரிப்பிள் மயலோமா என்னும் குருதிப் புற்றுநோய். அவை என்பைக் கரைக்கும் கலங்களைத் தூண்டுகின்றன. என்பை ஆக்கும் கலங்களைத் தடுக்கின்றன.

முள்ளந்தண்டும் விலாவென்புகளுமே இந்நோயின் வழமையான களங்கள். அரிதாக அது மண்டையோட்டின் அடித்தளத்தைப் பற்றுகிறது. மூளையைத் தாங்கும் அத்தளத்தின் ஒடுங்கிய துளைகளூடாகவே மண்டையோட்டு நரம்புகளிற் பெரும்பாலானவை வெளியேறுகின்றன. என்பில் வளரும் கட்டி அவற்றை நெரிக்கிறது. கண்ணை வெளிப்புறம் திருப்பும் ஆறாம் நரம்பு நெரிபட்டால் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். ஒன்பதாம், பத்தாம் நரம்புகள் நெரிபட்டால் விழுங்குதல் கடினமாகும், குரல் கரகரக்கும். பன்னிரண்டாம் நரம்பு பாதிக்கப்பட்டால், நீட்டிய நாக்கு ஒருபுறம் சாயும். நாடி மரத்துப்போதலும், சிறிதெனத் தோன்றினும், புறக்கணிக்கத்தக்கதன்று. கீழ்த்தாடையினூடு செல்லும் நரம்பு தாக்கப்பட்டதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

கோப்பாயின் செம்மண் தோட்டங்களில் மண்வெட்டி பிடித்த ஒருவருக்கு அறுபது வயதின் பின் முதுகு வலித்தால், அதை உழைப்பின் கூலியென்றே அவரும் அயலவரும் கொள்வர். களைப்பு முதுமையாகிவிடுகிறது; இரட்டைப் பார்வை கண்ணாடிக்கடை விவகாரமாகிவிடுகிறது. உழைக்கும் உடல் வலிப்பது நியதி என்ற கருத்தே இங்கு நோயை மறைக்கும் திரை. விவசாயிகளிடையே இந்நோய் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் குறித்துள்ளன. பூச்சிநாசினிகள் மீது ஐயம் உண்டு. எந்த நஞ்சு, எவ்வளவு என்பது இன்னும் தீர்க்கப்படவில்லை.

இந்நோயாளர் பலரின் சிறுநீரில் தனித்த புரதமொன்று வெளிப்படும். அதை 1847 இல் இலண்டனில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் விவரித்தார். பின்னாளில் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்ததும் அதே ஆண்டிலேயே என்பது சுவையான உடனிகழ்வு. குருதி, சிறுநீர், மச்சைச் சோதனைகளும் ஸ்கான் படங்களும் இன்று நோயை உறுதிசெய்கின்றன.

முற்றாக நீக்குதல் அரிதாயினும், மருந்துகளால் நோயைப் பல்லாண்டு அடக்கிவைக்க இயலுகிறது. நெரிபட்ட நரம்புக்குக் கதிர்ச்சிகிச்சை உதவும். ஒருகாலத்தில் இதற்காக மகரகமவுக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் செல்ல வேண்டியிருந்தது. 2011 இல் நடைபயணத்தின் மூலம் மக்களிடம் திரட்டிய நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. மருந்து இலவசமாயினும், வைத்தியசாலைக்குப் போகும் நாளுக்குக் கூலி இல்லை. அதனால் அந்நாள் தள்ளிப்போகிறது. நீண்டகாலம் நெரிபட்ட நரம்போ, கட்டி சுருங்கிய பின்னரும் மீளாமற் போகலாம்.