வசனம் வரும் இடம்

மில்லர்புரம் வீடொன்றின் ஹால். சுவரில் டிவி, அடியில் ஷோகேஸ். புதிதாக வாங்கிய ஹோம் தியேட்டரின் நடு ஸ்பீக்கரை ஷோகேஸின் கீழ்த்தட்டில், பொம்மைகளுக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். "பாட்டு அதிருது, பேச்சுதான் புரியல" என்ற குறை அங்கேதான் பிறக்கிறது.

படத்தின் வசனத்தில் பெரும்பகுதி இந்த ஒரு பெட்டியில்தான் ஒலிக்கிறது. 1933-ல் பெல் ஆய்வுக்கூடம் பிலடெல்பியாவில் நடந்த இசை நிகழ்ச்சியை வாஷிங்டன் அரங்குக்கு அனுப்பியபோதே இடம், நடு, வலம் என்று மூன்று ஒலித்தடங்களை அமைத்தது. நடுத்தடம் இல்லாவிட்டால், ஓரமாக உட்கார்ந்தவருக்குக் குரல் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தே வருவதுபோல் கேட்கும்.

தியேட்டரில் துளையிட்ட திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர் நிற்பதால் நடிகரின் வாயிலிருந்தே பேச்சு வருகிறது. டிவி வைத்த வீட்டில் அதற்கு வழியில்லை. டிவிக்கு நேர் கீழே, எவ்வளவு ஒட்டினாற்போல் முடியுமோ அவ்வளவு ஒட்டி வைப்பதே சிறந்தது. பெட்டியின் முகம் தட்டின் விளிம்போடு சேர்ந்திருக்க வேண்டும். உள்ளே தள்ளினால் ஒலி பலகையில் பட்டு மழுங்கும். உட்கார்ந்தவர் காதை நோக்கி முன்பக்கத்தைச் சற்றே உயர்த்த, இரண்டு ரப்பர் துண்டுகள் போதும்.

டைல்ஸ் தரையும் எதிரொலிக்கும். முன்னால் ஒரு ஜமக்காளம் விரித்தால் வசனம் தெளியும். பிறகு, உட்காரும் இடத்திலிருந்து மூன்று முன் ஸ்பீக்கர்களின் தூரத்தையும் டேப்பால் அளந்து ரிசீவரில் பதிய வேண்டும்; ஒலி ஒரு அடி கடக்க ஏறக்குறைய 0.9 மில்லி விநாடி என்று அதுவே கணக்கிட்டுக்கொள்ளும்.