பால்பல்லைக் கரைக்கும் புளிப்பு

எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி பக்கத்தில் இருக்கும்போது கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில் பக்கம் கோடையில் எலுமிச்சை ஜூஸுக்குப் பஞ்சமே இல்லை. பெட்டிக்கடைக்குப் போனால் சர்பத், கலர். பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிய மாங்காய்க் கீற்று. பிள்ளைக்கு மிட்டாய் வாங்கித் தரப் பயப்படும் வீடுகள்கூட இவற்றைச் சந்தேகிப்பதில்லை. சந்தேகிக்க வேண்டும்.

பல்லின் மேல்பூச்சான எனாமல், உடம்பிலேயே கடினமான பொருள். ஆனால் அமிலத்துக்கு அது தாங்காது. அமிலத்தை அளக்கும் பிஎச் கணக்கில் 7 என்பது நடுநிலை. சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியும், கோலா பானங்கள் 2.5-ஐ ஒட்டியும் நிற்கின்றன. ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். பால்பல்லின் எனாமலோ நிரந்தரப் பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதிக் கனம்தான்.

சொத்தைப்பல் வேறு, இப்படி அமிலம் பல்லைக் கரைக்கும் பல் அரிமானம் வேறு. சொத்தையில் கிருமிகள் இனிப்பைத் தின்று அமிலம் சுரக்கின்றன. பல் அரிமானத்தில் கிருமிக்கு வேலையே இல்லை. அமிலம் நேராகப் பல்லில் படுகிறது. சர்க்கரை போடாத ஜூஸும் கரைக்கும், உப்புப் போட்டாலும் புளிப்பு குறையாது. 1993-ல் பிரிட்டனில் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பால்பல்லில் அரிமானம் இருந்தது.

எவ்வளவு குடிக்கிறது என்பதைவிட எப்படிக் குடிக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் குடித்து முடித்தால், எச்சில் சிறிது நேரத்தில் அமிலத்தைத் தணித்துவிடும். அதே ஜூஸைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து, பிள்ளை ஒரு மணி நேரம் சப்பிக்கொண்டே திரிந்தால் எச்சிலுக்கு அவகாசமே கிடைக்காது. தூங்கும்போது எச்சில் சுரப்பு குறைவு என்பதால், படுக்கையில் ஜூஸ் பாட்டில் கூடவே கூடாது.

அமிலம் வயிற்றிலிருந்தும் வரும். அடிக்கடி வாந்தி எடுக்கும், எதுக்களிக்கும் குழந்தைக்கு மேல் முன்பற்களின் உட்புறம் தேயும். அப்படித் தெரிந்தால் குழந்தை மருத்துவரையும் பார்க்க வேண்டும். சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி மாத்திரை, சில சிரப்புகள் ஆகியவற்றிலும் அமிலம் உண்டு; மருந்தை நிறுத்தாமல், சாப்பிட்டபின் வாய் கொப்பளிக்க வைத்தால் போதும்.

புளிப்புத் தின்ற கையோடு பல் தேய்க்கச் சொல்வது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. இளகிய எனாமலைப் பிரஷ்ஷே சுரண்டிவிடும். உடனே தண்ணீரில் கொப்பளித்து, அரை மணியாவது கழித்துத் தேய்க்கட்டும். கரித்தூளும் உப்பும் வேண்டாம். ஃபுளோரைடு பேஸ்ட், மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்குமேல் பட்டாணி அளவு. தாகத்துக்குத் தண்ணீரும் பாலும் இருக்கின்றன. மோர் புளித்தாலும் அதிலுள்ள கால்சியம் பல்லைக் காக்கும்.

பல் மழுமழுவென்று மஞ்சளித்தால், விளிம்பு கண்ணாடி போலத் தெரிந்தால், கடைவாய்ப் பல்லின் முனையில் குழி விழுந்தால், குளிர்ந்த தண்ணீருக்குக் கூசினால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடாதீர்கள். கடைவாய்ப் பால்பற்கள் 10, 12 வயது வரை இருந்து மென்றாக வேண்டும். கரைந்துபோன எனாமல் திரும்ப வளராது.