விரல் எங்ஙனம் கற்பனை செய்கிறது?

ஜவ்வாது மலைக்கு வடகிழக்கே உள்ள ராணிப்பேட்டையில் வளர்ந்து, கிதாரிலே கர்நாடக சங்கீதம் வாசித்துப் புகழ்பெற்ற பிரசன்னா, எழுதிவைக்காத கல்பனாஸ்வரங்களை க்ஷண நேரத்தில் உருவாக்குவது எங்ஙனம் என்று வியப்போருக்கு, 2008-இல் சார்ல்ஸ் லிம்ப், ஆலன் பிரௌன் இருவரும் ஜாஸ் பியானோ வித்வான்களின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்து கண்டது ஓரளவு விடை தருகிறது. மனோதர்மமாக வாசிக்கையில், நம்மை நாமே கண்காணித்துத் திருத்தும் முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதி அடங்க, சுயவெளிப்பாட்டோடு தொடர்புடைய நடுப்பகுதி விழித்தெழுகிறது.

ஆனால் காவலாளி உறங்கினால் மட்டும் சங்கீதம் பிறந்துவிடுமா? சரளி வரிசையும் அலங்காரமும் ஆண்டுக்கணக்கில் பழகி, விரலசைவு பிரக்ஞையின் துணையை வேண்டாத நிலையை எய்திய பின்னரே, மனம் அடுத்த ஸ்வரத்தை எண்ண ஓய்வு பெறுகிறது. ஆதலின் லீட் கிதார் பயில்வோர், ஒரு சிறு பிரயோகத்தை முதலில் வாயாற் பாடி, பின் அதனையே கம்பியில் தேடுவது நலம் என்பது என் துணிபு.