வெயில் படாத இடத்தில் வரும் புற்று

சித்திரை வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் நாள் முழுக்க வியாபாரம் செய்பவர்கள் தோல் புற்றுநோயை நினைத்து அஞ்சுவதில்லை. அதற்கு அறிவியல் காரணமும் உண்டு. நம் தோலின் மெலனின் நிறமி புறஊதாக் கதிர்களை உறிஞ்சி, உள்ளே இருக்கும் செல்களின் டி.என்.ஏ.வைக் காக்கிறது. கறுத்த மேல்தோல் தரும் இயற்கைப் பாதுகாப்பு ஏறத்தாழ 13 மடங்கு, வெள்ளைத் தோலில் 3 மடங்குதான் என்று 1979-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. ஆஸ்திரேலியாவில் மிகப் பரவலான இந்த நோய் இந்தியாவில் அரிதாக இருப்பது இதனால்தான்.

அரிது என்பதாலேயே, வந்த பிறகும் நாம் அதைக் கண்டுகொள்வதில்லை. அது வரும் இடமும் நாம் எதிர்பார்க்கும் இடமாக இருப்பதில்லை. தோல் புற்றுகளில் மிகக் கொடியது மெலனோமா. கறுத்த தோல் உடையவர்களுக்கு அது பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும் வருகிறது. வெயிலுக்கும் இதற்கும் பெரிதாகத் தொடர்பில்லை. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில்தான் தொடங்கியது. 1977-இல் கண்டறியப்பட்டது; 1981-இல், 36 வயதில் இறந்தார்.

உள்ளங்காலில் கறுத்துத் தடித்தால் 'கால் ஆணி' என்று பிளேடால் சீவுகிறோம். சர்க்கரை நோயாளி என்றால் சர்க்கரைப் புண் என்று முடிவு கட்டுகிறோம். நகம் கறுத்தால் எங்கோ இடித்துக்கொண்டதாக நினைக்கிறோம். அடிபட்டுக் கட்டிய ரத்தம் நகம் வளர வளர நுனியை நோக்கி நகர்ந்து மறைந்துவிடும். புற்றின் கறுப்புக் கோடோ நகராமல் அகலமாகும்; நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் நிறம் பரவும். வலி இல்லாததால் மாதங்கள் ஓடிவிடும்.

இன்னொரு வாசல் ஆறாத புண். தோல் திரும்பத் திரும்பச் சேதமடையும்போது அதைச் சரிசெய்யச் செல்கள் ஓயாமல் பிரிகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் மரபணுப் பிழை நேர வாய்ப்பு உண்டு. காஷ்மீரில் குளிருக்காக உடலோடு அணைத்துக்கொள்ளும் காங்கிரி கரிச்சட்டியின் சூட்டால் வயிற்றிலும் தொடையிலும் புற்று வருவது நெடுங்காலமாகத் தெரிந்ததே. உள்பாவாடை நாடாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியதால் புண்ணாகி, புற்றான இரண்டு பெண்களைப் பற்றி 2024-இல் மருத்துவ இதழ் ஒன்றில் இந்திய மருத்துவர்கள் எழுதினார்கள். பழைய தீக்காயத் தழும்பில் புதிதாகப் புண் வந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில், 1924-இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையை 1955-இல் மத்திய அரசு ஏற்று ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. தொழுநோயால் உணர்விழந்த பாதத்தில் பல ஆண்டுகள் ஆறாமல் கிடக்கும் புண் சிலருக்குப் புற்றாக மாறும். அதனாலும் தினமும் பாதத்தைப் பார்ப்பது தொழுநோயாளிகளுக்கு அடிப்படைப் பாடம். சர்க்கரை நோயாளிகள் நிறைந்த இன்றைய தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் அந்தப் பாடம் அப்படியே பொருந்தும்.

முகத்தில், குறிப்பாக மூக்கிலும் கண்ணோரத்திலும், முத்துப்போல் மினுங்கி, பின் புண்ணாகும் புற்றுக் கட்டிக்கு வெயிலும் ஒரு காரணம். வெளியில் வேலை செய்பவர்களும், பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களும் குடை, தொப்பி, முழுக்கைச் சட்டையை விடக் கூடாது.

மெலனோமாவில் உயிரைத் தீர்மானிப்பது ஆழம். ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் அறுவை சிகிச்சையே பெரும்பாலும் போதும். ஆழம் கூடக் கூட நோய் பரவும் அபாயமும் கூடும். 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்ற பயத்தில் சதைப் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்கள் பலர். பரிசோதனையால் புற்று பரவாது, தாமதத்தால்தான் பரவும்.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் உருவான அடையாறு புற்றுநோய் நிறுவனமும் நமக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய் சிகிச்சை அடங்கும்.

மாதம் ஒருமுறை உள்ளங்கால், விரலிடுக்கு, நகம், இடுப்பு எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணோ, உருவமும் நிறமும் மாறும் மச்சமோ தென்பட்டால், மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். தோல் மருத்துவரிடம் போங்கள்.