உப்பளத் தொழிலாளரும் தோல் புற்றுநோயும்

தோல் புற்றுநோய் என்பது தோலின் உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் உண்டாகும் நோயாகும். அடித்தள உயிரணுப் புற்று, செதிள் உயிரணுப் புற்று, கரும்புற்று ஆகிய மூன்றும் இதன் முதன்மை வகைகளாகும். வெண்ணிறத் தோலினரிடம் இந்நோய் பெரும்பாலும் வெயில் படும் இடங்களில் தோன்றுகிறது. மாநிறமும் கருநிறமும் கொண்ட தமிழரிடம் உள்ளங்கால், பழைய தழும்பு, ஆறாத புண் ஆகிய இடங்களிலும் இது தோன்றுவதுண்டு. ஆகவே வெயிலிலும் உப்புநீரிலும் ஒருசேர உழைப்போர் முகத்துடன் பாதத்தையும் கவனித்தல் வேண்டும்.

உப்பளச் சூழல்

விழுப்புரம் மாவட்டத்தின் கடலோர ஊரான மரக்காணம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே அமைந்துள்ளது. இங்கு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் தொடங்கும் உப்பு விளைச்சல் அடுத்த மழை வரை நீடிக்கும். ஏறத்தாழ 12 பாகை வட அகலாங்கில் இவ்வூர் இருப்பதால், ஏப்ரல், ஆகஸ்ட் மாதங்களின் 20ஆம் தேதியையொட்டி நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கும். இவ்விரு காலங்களும் விளைச்சல் பருவத்துக்குள் அடங்குகின்றன.

சூரியக் கதிர்வீச்சு புற்றுநோய் உண்டாக்கவல்லது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1992இல் வகைப்படுத்தியது. கருநிறத் தோலில் மிகுந்துள்ள மெலனின் என்னும் நிறமி புறஊதாக் கதிரைப் பெருமளவு தடுக்கிறது. எனினும் பிறவியிலேயே நிறமியற்ற தோல் உடையோருக்கு இக்காப்பு இல்லை. உப்பளம் போன்ற திறந்தவெளி வேலை அவர்களுக்குப் பேரிடர் தரும். மேலும், உப்புப் படிகம் கீறிய காயத்தையோ பாத வெடிப்பையோ மெலனின் காப்பதில்லை.

முன்னோடி நிலைகள்

புற்றாக மாறக்கூடிய, ஆனால் இன்னும் பரவாத மாற்றங்கள் முன்னோடி நிலைகள் எனப்படும்.

- வெயில் தடிப்பு: முகம், காது, வழுக்கைத் தலை, புறங்கை ஆகியவற்றில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகத் தோன்றும். கருநிறத் தோலில் அரிது.
- போவன் நோய்: ஜான் போவன் 1912இல் விவரித்தது. செதில் உதிரும் சிவந்த அல்லது பழுப்புத் திட்டாகக் காணப்படும். படர்தாமரை என மயங்குவதுண்டு. களிம்பு பூசியும் மறையாமல் மெல்ல விரிவது இதன் அடையாளம்.
- ஆர்சனிக் தடிப்பு: உள்ளங்கை, உள்ளங்காலில் காலாணி போன்ற பல சிறு முடிச்சுகளாகத் தோன்றும். நிலத்தடி நீரில் ஆர்சனிக் மிகுந்த மேற்கு வங்கத்தில் 1983 முதல் அறியப்பட்டது.
- நாட்பட்ட புண், தீக்காயத் தழும்பு: பல ஆண்டுகள், சில வேளை பத்தாண்டுகள் பல கடந்தபின் புற்றாக மாறலாம். 1828இல் இத்தகைய புண்களை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மார்ஜொலின் பெயரால் இது மார்ஜொலின் புண் எனப்படுகிறது.

வகைகள்

அடித்தள உயிரணுப் புற்று: மூக்கு, கண்ணோரம், கன்னம் ஆகிய இடங்களில் மினுமினுப்பான சிறு முடிச்சாகத் தொடங்கி, நடுவில் புண்ணாகும். இந்தியரிடம் இது பெரும்பாலும் கருமையாக இருப்பதால் மச்சம் என எண்ணப்படுகிறது. மிக மெதுவாக வளரும். பிற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. ஆயினும் புறக்கணித்தால் அருகிலுள்ள எலும்பையும் அரிக்கும்.

செதிள் உயிரணுப் புற்று: இந்திய மருத்துவமனைகள் பலவற்றின் பதிவுகளில் இதுவே முதலிடம் பெறுகிறது. விளிம்பு தடித்து வெளிநோக்கிப் பிதுங்கிய, தொட்டால் கெட்டியான, எளிதில் குருதி கசியும் புண்ணாகவோ பூக்கோசு போன்ற வளர்ச்சியாகவோ தோன்றும். நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவக்கூடியது. காஷ்மீரில் காங்கிரி என்னும் கணப்புச் சட்டியை உடலோடு அணைப்பதால் வயிற்றிலும் தொடையிலும் இது உண்டாகிறது. வேட்டியை இறுகக் கட்டும் இடுப்பில் தோன்றும் புற்றை மும்பையைச் சேர்ந்த வி. ஆர். கானோல்கர் 1945இல் விவரித்தார். தோலின் ஓரிடம் இடைவிடாது புண்படுவதே இவற்றில் பொதுவானது.

கரும்புற்று: நிறமி உயிரணுக்களில் தோன்றும் இது மூன்றிலும் கொடியது. கருநிறத்தோரிடம் உள்ளங்கால், உள்ளங்கை, நக அடி ஆகிய இடங்களில் மிகுதியாகக் காணப்படும். இவ்விடங்களில் தோன்றுவதற்கு வெயில் முதன்மைக் காரணமன்று. ஜமைக்கா இசைக்கலைஞர் பாப் மார்லியின் கால் பெருவிரலில் 1977இல் கண்டறியப்பட்ட கரும்புற்று, 1981இல் தம் 36ஆம் அகவையில் அவர் இறக்கக் காரணமாயிற்று.

வேறுபடுத்தி அறிதல்

- மச்சம்: இரு பாதியும் ஒவ்வாமை, ஒழுங்கற்ற விளிம்பு, பல நிறக் கலப்பு, 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலம், தொடர்ந்த மாற்றம் ஆகிய ஐந்தும் கரும்புற்றின் எச்சரிக்கைகள்.
- உள்ளங்காலில் கரும்புள்ளி: முள் குத்திக் கட்டிய குருதி சில வாரங்களில் தோலோடு உதிரும். உதிராமல் விரிவது ஐயத்துக்குரியது.
- நகத்தில் கோடு: பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இருப்பது கருநிறத்தோரிடம் இயல்பு. ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகலும் கோடும், நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்குப் பரவும் கருமையும் இயல்பல்ல.
- பாதப் புண்: காலாணியும் வெடிப்பும் ஓய்வாலும் பராமரிப்பாலும் குறையும். நான்கு வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணையும், ஆறிய தழும்பில் மீண்டும் எழும் புண்ணையும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். நீரிழிவு, தொழுநோய் ஆகியவற்றால் உணர்ச்சி குன்றிய பாதத்தில் வலி தோன்றாது. எனவே வலியின்மையை நலத்தின் அறிகுறியாகக் கொள்ளலாகாது.

உறுதிப்படுத்தலும் சிகிச்சையும்

கண்ணால் கண்டு ஐயுறலாமே தவிர, சிறு தசைத் துண்டை எடுத்து நுண்ணோக்கியில் ஆய்ந்தே நோயை உறுதிசெய்ய இயலும். ஐயத்துக்குரிய வளர்ச்சியை வீட்டில் வெட்டுவதும், சுடுவதும், காரம் வைப்பதும் கூடாது. தொடக்க நிலையில் அறுவையால் முழுதும் நீக்கினால் பெரும்பாலோர் குணமடைவர். கரும்புற்றில் அது தோலுக்குள் இறங்கிய ஆழமே நோயின் போக்கைப் பெரிதும் வரையறுக்கிறது என 1970இல் பிரெஸ்லோ காட்டினார். சில மில்லிமீட்டர் வேறுபாடும் உயிரைத் தீர்மானிக்கும். மரக்காணம் பகுதியினருக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையும், முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அண்மையில் உள்ளன.

தடுப்பு

அகன்ற விளிம்புத் தொப்பி அல்லது தலைத்துண்டு, முழுக்கைச் சட்டை, நண்பகல் ஓய்வு ஆகியவை வெயிலிலிருந்து காக்கும். முழங்கால் வரையிலான இரப்பர் காலணி பாதத்தைக் காக்கும். வேலை முடிந்ததும் நன்னீரில் காலைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நகங்களையும் பார்ப்பது நல்ல வழக்கமாகும். தம் உள்ளங்காலைத் தாமே காண இயலாத முதியோருக்கு வீட்டார் இதைச் செய்யலாம்.