காயிலுக்கு எங்கிருந்து கரன்ட் வருகிறது?

ஐந்து நாள் வெளியூர் போய்த் திரும்பி, காரில் ஏறிச் சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்று மட்டும் சத்தம். செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மெக்கானிக் சார்ஜ் ஏற்றித் தருகிறார். தினமும் ஓட்டும்வரை பிரச்சினை இல்லை. நாலு நாள் சும்மா நின்றால் மறுபடியும் அதே கதை. உடனே பேட்டரியைக் குறை சொல்லி, புதிது வாங்கப் போய்விடுகிறோம். சமீபத்தில் ஃபாக் லைட்டோ வேறு ஏதாவதோ கூடுதலாகப் போட்ட கார் என்றால், பணத்தை எடுப்பதற்கு முன் ரிலேயைப் பாருங்கள்.

ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். உள்ளே மெல்லிய கம்பி சுற்றிய காயில் ஒன்று இருக்கும். அதில் கரன்ட் பாய்ந்ததும் காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும், கான்டாக்ட் சேரும், விளக்குக்குப் பெரிய கரன்ட் போகும். அந்தப் பெரிய கரன்டை டாஷ்போர்டில் உள்ள சின்ன சுவிட்ச் தாங்காது என்பதால்தான் இந்த ஏற்பாடு.

காயிலும் கரன்ட் குடிக்கும் என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 12 வோல்ட் கார் ரிலேயின் காயில் ஏறக்குறைய 80 ஓம் இருக்கும். கணக்குப் போட்டால் 0.15 ஆம்பியர். அற்பமாகத் தோன்றும். ஆனால் 24 மணி நேரத்துக்கு 3.6 ஏ.எச். போய்விடும். சின்ன கார்களில் இருக்கும் 35 ஏ.எச். பேட்டரியில் ஐந்து நாளில் பாதி காலி. கொஞ்சம் வயதான பேட்டரி என்றால் அந்தப் பாதியில் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றுவதே சந்தேகம். நிறுத்திவைத்த கார் கடிகாரம், அலாரம், கணினி எல்லாம் சேர்த்தே பொதுவாக 0.05 ஆம்பியருக்குள்தான் எடுக்க வேண்டும். ஒரே ஒரு ரிலே அதைப்போல் மூன்று மடங்கு எடுக்கிறது. இப்படி இறங்கியபடியே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிப்போகும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் திரும்பாது.

தவறு எங்கே நடக்கிறது? ரிலேயின் அடியில் உள்ள எண்களைப் பாருங்கள். 30 என்பது பேட்டரியிலிருந்து வரும் வயர், 87 விளக்குக்குப் போவது, 85, 86 இரண்டும் காயிலின் முனைகள். இணைப்பவர் அவசரத்தில் 30-க்கு வந்த வயரிலிருந்தே ஒரு துண்டை 86-க்கும் கொடுத்துவிடுவார். வேலை சுலபம், விளக்கும் எரியும். ஆனால் சாவியை எடுத்த பிறகும் காயிலுக்குக் கரன்ட் தயாராகக் காத்திருக்கும். சுவிட்சை அணைக்க மறந்தால் போதும். சுவிட்சை அணைத்திருந்தாலும், 85-லிருந்து சுவிட்சுக்குப் போகும் எர்த் வயர் எங்காவது உரசித் தோல் கிழிந்து பாடியில் பட்டால், ரிலே தானாகவே இழுத்துக்கொள்ளும்.

மாற்று வழி எளியது. 86-க்கான கரன்டை, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் இக்னிஷன் வயரிலிருந்து எடுக்க வேண்டும். அப்போது சுவிட்சை மறந்தாலும் வயர் உரசினாலும், சாவியை எடுத்த கணமே காயில் ஓய்ந்துவிடும். ஹாரன் மட்டும் விதிவிலக்கு: அழுத்தும்போது மட்டுமே அதன் ரிலே வேலை செய்வதால், நேரடி இணைப்பு இருந்தாலும் பாதகமில்லை. 30-க்கு வரும் வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருப்பது கட்டாயம். இதில் சமரசமே கூடாது.

கான்டாக்ட் ஒட்டிக்கொள்வது வேறு வகைக் கோளாறு. ஹாலஜன் பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது, முதல் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். மலிவான ரிலேயின் கான்டாக்ட் அந்தப் பொறியில் உருகி ஒட்டிவிட்டால், சுவிட்சை அணைத்தாலும் விளக்கு அணையாது. ரிலேயைத் தட்டினால் சில நேரம் விடுபடும். அதை நம்பி ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

சோதிக்க மல்டிமீட்டர் ஒன்று போதும். சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே இணையுங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்யவே கூடாது. அதன் ஃபியூஸ் போய்விடும். கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருங்கள். காரின் கணினிகள் உறங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். சில கார்களில் ரேடியேட்டர் ஃபேன்கூட சாவியை எடுத்த பிறகு சிறிது நேரம் ஓடும், அது கோளாறு அல்ல. அதற்கப்புறமும் 0.05-க்கு மேல் காட்டினால், ரிலேக்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதை எடுத்ததும் எண் சட்டென்று இறங்குகிறதோ, அந்த வழியில்தான் கரன்ட் போகிறது.

மீட்டர் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. காலையில், காரை எடுப்பதற்கு முன், பானெட்டைத் திறந்து ரிலேக்களைத் தொட்டுப் பாருங்கள். இரவெல்லாம் காயில் இழுத்துக்கொண்டிருந்த ரிலே இளஞ்சூடாக இருக்கும், மற்றவை குளிர்ந்திருக்கும்.

அடுத்த முறை காரில் விளக்கோ வேறு எதுவோ கூடுதலாகப் போட்டால், கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன் அந்த சுவிட்சை ஆனில் வைத்துவிட்டுச் சாவியை மட்டும் எடுங்கள். ‘டக்’ என்று ரிலே விடுபடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால், காயில் வயரை மாற்றித் தரச் சொல்லுங்கள்.