தன்னிழப்பு நேர்மின்வாய்

தன்னிழப்பு நேர்மின்வாய் என்பது கடல்நீரில் மூழ்கியிருக்கும் எஃகு அமைப்புகளை அரிப்பிலிருந்து காக்க அவற்றுடன் இணைக்கப்படும் உலோகக் கட்டி ஆகும். தான் கரைந்து எஃகைக் காப்பதால் இது இப்பெயர் பெற்றது. கப்பல்கள், துறைமுகத் தூண்கள், கடலடிக் குழாய்கள் ஆகியவற்றில் இது பயன்படுகிறது.

செயற்பாடு

கடல்நீரில் இரு வேறு உலோகங்கள் இணைந்திருந்தால், எளிதில் இலத்திரன்களை இழக்கும் உலோகம் நேர்மின்வாயாகிக் கரையும். மற்றது எதிர்மின்வாயாகிக் காக்கப்படும். நீருக்கு மேலுள்ள பகுதிகளை இம்முறை காப்பதில்லை. அங்கு பூச்சுகளும் துருப்பிடிக்காத எஃகும் தேவைப்படுகின்றன. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் இவ்விரண்டும் பயன்படுத்தப்பட்டுள்ளன.

வரலாறு

1824 ஆம் ஆண்டு ஹம்பிரி டேவி, கப்பல்களின் அடியில் பொருத்தப்பட்ட செப்புத் தகடுகளைக் காக்கத் துத்தநாகத்தையும் இரும்பையும் பயன்படுத்தலாம் எனக் கண்டறிந்தார். செம்பு அரிக்கப்படுவது நின்றது. ஆனால் கரையும் செம்பின் நச்சுத்தன்மையே கடலுயிரிகளை விலக்கி வந்ததால், அது நின்றதும் கப்பலடியில் அவை பெருகின. ஆகவே அம்முறை அப்போது கைவிடப்பட்டது.

கலப்புலோகங்களும் சூழலும்

நேர்மின்வாயில் உள்ள அனைத்தும் இறுதியில் கடலையே சேரும். எனவே கலப்புலோகத் தேர்வு சூழல் சார்ந்த தேர்வும் ஆகும்.

துத்தநாகம்: வழக்கமான துத்தநாகக் கலப்புலோகத்தில் சிறிதளவு காட்மியம் சேர்க்கப்படுகிறது. காட்மியம் நச்சுத்தன்மை உடையது.

அலுமினியம்: ஒரு கிலோகிராம் துத்தநாகம் ஏறத்தாழ 780 ஆம்பியர்-மணி மின்னூட்டம் தரும், அலுமினியக் கலப்புலோகம் ஏறத்தாழ 2500 ஆம்பியர்-மணி தரும். எனினும் தூய அலுமினியத்தின் மேல் உருவாகும் ஆக்சைடுப் படலம் அது கரைவதைத் தடுக்கிறது. இப்படலத்தைக் குலைக்க முன்னர் பாதரசம் சேர்க்கப்பட்டது. பாதரசம் கடலுணவு வழியாக மனிதரையும் அடையக்கூடியது என்பதால், தற்போது சில விழுக்காடு துத்தநாகமும் மிகச் சிறிதளவு இண்டியமும் சேர்க்கப்படுகின்றன.

இதிலும் குறைகள் உள்ளன. இண்டியம் அரிய உலோகம். பழைய அலுமினியத்தை உருக்கிப் பயன்படுத்தினால் மின்னாற்றல் மிச்சமாகும். ஆனால் அதிலுள்ள இரும்பு மாசு நேர்மின்வாயின் திறனைக் குறைத்துவிடும்.

தமிழ்நாட்டில்

காரைக்குடியில் 1948 இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953 இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிப்பு குறித்து ஆராய்கிறது. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் இதன் பிரிவுகள் அமைந்தன. இவ்விரு ஊர்களையும் ஒட்டிய மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளும் கடற்புல் வெளிகளும் உள்ளன. அங்குள்ள தீவுகள் 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. எஃகைக் காக்கும் உலோகம் கடலுக்குத் தீங்கிழைக்காதிருக்க வேண்டும் என்பது இத்தகைய கடற்பகுதிகளில் மிகவும் இன்றியமையாதது.